வாழ்க்கைக் குறிப்பில் "கைதானவர்" என்று எழுதுவது எப்படி? நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டுகள் பற்றிய விவாத இழை

குளக்கட்டு (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் பிரதேசத்து ஆளுமைகள் பற்றிய இணையத் தொகுப்புக்கு ஒரு முன்னாள் பிரதேச சபை உறுப்பினரின் குறிப்பு வந்திருக்கிறது. கிளிநொச்சி மாவட்டம். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். கமக்காரர் அமைப்பு, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், மீள்குடியேற்றக் காலத்தில் கிராம அபிவிருத்திச் சங்கம், பிறகு சபையில் ஒரு தவணை என்று முப்பது வருடப் பொதுவாழ்க்கை. அதன் நடுவில் இந்த வரி கிடக்கிறது:

"2019 இல் சட்டவிரோத மணல் கடத்தலில் ஈடுபட்ட இவர் பொலிஸாரால் கையும் மெய்யுமாகப் பிடிக்கப்பட்டு விளக்கமறியலில் அடைக்கப்பட்டார்."

ஆதாரம் என்று ஐந்து செய்தித் தளங்களின் இணைப்புகள் போடப்பட்டிருக்கின்றன. வழக்கு என்ன ஆனது என்று ஒன்றிலும் இல்லை. தொகுப்புக் குழுவில் ஒரு பாதி "முழுதாகத் தூக்கு" என்கிறது. மற்றப் பாதி "தூக்கினால் வெள்ளையடித்தோம் என்று சனம் சொல்லும்" என்கிறது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எந்த ஒழுங்கில் எதைச் சரிபார்க்க வேண்டும், எந்தச் சொல்லைப் போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கோ.

கனகராயன்

முதலில் வழக்கு எந்தப் படியில் நின்றது என்பதைப் பிடிக்க வேண்டும் தம்பி. ஒவ்வொரு படிக்கும் தனிச்சொல் இருக்கிறது. படியை மாற்றி எழுதினால் அங்கேயே பொய் தொடங்குகிறது.

ஒருவர் பொலிஸில் சொல்வது முறைப்பாடு. அது யார் மீதும் யாரும் கொடுக்கலாம். கைது செய்தால் சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். அப்போது பொலிஸார் கொடுப்பது "பி அறிக்கை". அதில் பெயர் வந்தவர் சந்தேகநபர், அவ்வளவுதான். விளக்கமறியல் விசாரணைக்காக வைப்பது. வழமையாக 14 நாளுக்கு ஒரு தடவை நீடிப்பார்கள். அது தண்டனை இல்லை. "சிறையில் அடைக்கப்பட்டார்" என்று எழுதினால் வாசிக்கிறவருக்குத் தண்டனை என்றுதான் விளங்கும். பிறகு பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் முறைப்படி வழக்குத் தாக்கல் செய்து குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டால்தான் அவர் "எதிரி", அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர். பாரிய குற்றமென்றால் கோவை சட்டமா அதிபருக்குப் போகும். அவர் குற்றப்பகர்வுப் பத்திரம் (முறையான குற்றச்சாட்டு ஆவணம்) தாக்கல் செய்தால் மேல் நீதிமன்றத்தில் விளக்கம், அதாவது வழக்கு விசாரணை, நடக்கும். தீர்ப்பு வந்து குற்றவாளி என்று கண்ட பிறகுதான் "குற்றவாளி" என்ற சொல்லைத் தொடலாம். அதன் பிறகும் மேன்முறையீடு இருக்கிறது. நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்துக்கு 14 நாளுக்குள் போகலாம்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை. குற்றவாளி என்று எண்பிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுத்தவாளி என்றே ஊகிக்கப்பட வேண்டும் என்கிறது.

முடிவைச் சொல்லும் சொற்களில்தான் கூடுதலாகப் பிழைக்கிறார்கள்.

"விடுதலை" என்று தலைப்பில் கண்டால் உடனே நம்பாதீர்கள். "பிணையில் விடுதலை" என்பதைச் சுருக்கிப் போட்டிருக்கலாம். அப்படியானால் வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. விளக்கம் முடிந்து குற்றமற்றவர் என்று தீர்ந்தால் அது விடுதலை. குற்றச்சாட்டே இல்லாமல், அல்லது இடையில், வழக்கிலிருந்து எடுத்துவிட்டால் அது விடுவிப்பு. விடுவிக்கப்பட்டவர் மீது பிறகு சான்று கிடைத்தால் திரும்பவும் வழக்குப் போடலாம்.

"வழக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்றால் அடுத்த தவணைக்குத் தள்ளியது. "ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை" என்றால் குற்றவாளி என்று கண்டு, தண்டனையை மட்டும் நிறுத்தி வைத்தது. ஒரே சொல், எதிரெதிரான இரண்டு விளைவு. முந்தியதைப் பிந்தியதாக வாசித்து எழுதிய குறிப்புகள் எத்தனையோ இருக்கின்றன.

இன்னொன்று, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவு. குற்றத்தீர்ப்பு வழங்காமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ நீதவான் விட்டுவிடலாம். இதை "தண்டிக்கப்பட்டார்" என்று எழுதக் கூடாது.

மத்தியஸ்த சபையில் இணங்கித் தீர்த்ததும் அப்படித்தான். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. இணக்கம் என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டது ஆகாது.

நெடுங்கேணி

கனகராயன் அண்ணை சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் அந்த ஒற்றை வரியின் தமிழைப் பார்க்கிறேன், ஏனென்றால் தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

"மணல் கடத்தலில் ஈடுபட்ட இவர்." இந்த "ஈடுபட்ட" பெயரெச்சம். பெயரெச்சத்துக்குள் வைத்த செயலைத் தமிழ் வாசகர் கேள்வி கேட்பதில்லை. அது முடிந்த உண்மை போல உள்ளே போய்விடும். "மணல் கடத்திய வழக்கில் கைதானார்" என்றாலும் அதே பிழை. "மணல் கடத்தியதாகப் பொலிஸார் தெரிவித்த வழக்கில்" என்று "ஆக" சேர்த்துச் சொன்னவரின் பெயரையும் போட வேண்டும். இல்லாவிட்டால் "மணல் கடத்தல் தொடர்பான வழக்கில்" என்று பெயர்ச்சொல்லாக வைக்கலாம்.

"கூறப்படுகிறது", "சொல்லப்படுகிறது" என்று செயப்பாட்டுவினையில் தப்பிக்கக் கூடாது. யார் கூறினார்? பொலிஸ் ஊடகப் பேச்சாளரா, எதிர்க்கட்சி உறுப்பினரா, பக்கத்துக் காணிக்காரரா? ஆளைச் சொல்ல முடியாவிட்டால் அந்த வரியே வேண்டாம்.

"கையும் மெய்யுமாக" என்பதை உடனே எடுங்கள். அது குற்றம் நடந்தது என்று எழுதுபவரே சாட்சி சொல்வது. "வசமாகச் சிக்கினார்", "மாட்டிக்கொண்டார்", "அம்பலமானது", "பிரபல கடத்தல்காரர்" எல்லாம் அதே சாதி. மறுப்பிலும் கவனம் வேண்டும். "மறுத்தார்" என்று எழுதினால் போதும். "மழுப்பினார்", "சமாளித்தார்" என்றால் மறுப்பைக் கேட்காமலே தள்ளிவிட்டீர்கள்.

மரியாதை விகுதியையும் பாருங்கள். முதற்பந்தியில் "பிறந்தார், கற்றார், பணியாற்றினார்" என்று வந்தவர் கைதுப் பந்தியில் "பிடிபட்டான்" ஆகிவிடுவார். ர் போய் ன் வந்த இடம் தீர்ப்பு எழுதிய இடம். குற்றவாளி என்று கண்டபிறகும் வாழ்க்கைக் குறிப்பில் அந்த விகுதியை மாற்ற ஒரு காரணமும் இல்லை.

பாலைமரம்

ஐந்து இணைப்பு என்றால் ஐந்து ஆதாரம் என்று எண்ணாதீர்கள். எங்கள் பக்கத்துச் செய்தித் தளங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்து ஒட்டுவது வழமை. ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, முதல் இரண்டு வசனத்தையும் எழுத்துப்பிழைகளையும் ஒப்பிடுங்கள். ஐந்திலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து விடுபட்டிருந்தால் அது ஒரே ஆதாரம். வெளியிட்ட நேரத்தையும் பார்த்தால் எது மூலம் என்று விளங்கும். பிறகு அந்த மூலத்துக்கு யார் சொன்னார்கள் என்று பாருங்கள். பொலிஸ் நிலையம் மட்டும் சொன்னதென்றால் எத்தனை பத்திரிகை போட்டாலும் அது பொலிஸ் தரப்பு ஒன்றுதான்.

அடுத்தது ஆள் அடையாளம். எங்களிடம் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். ஒரே முதலெழுத்து ஒரு செய்தியில் "எஸ்.", இன்னொன்றில் "சி.", இன்னொன்றில் "ச." என்று வரும். ஒரு கிராமத்தில் அதே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். "அதே இடத்தைச் சேர்ந்த 47 வயதுடைய குடும்பஸ்தர்" என்று மட்டும் போட்ட செய்தியை ஒருவரின் குறிப்பில் கொண்டுவந்து பொருத்தவே கூடாது. முழுப்பெயர், வயது, பதவி, ஊர் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று அந்தச் செய்திக்குள்ளேயே பொருந்த வேண்டும். "எல்லாருக்கும் தெரியும் அது அவர்தான்" என்பது பொருத்தம் ஆகாது.

விக்கிப்பீடியா இந்தப் பாடத்தை அடிபட்டுப் படித்தது. 2005 மே மாதம் ஜோன் சீகென்தாலர் என்ற அமெரிக்க ஊடகவியலாளரின் கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பிருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதாக யாரோ எழுதிவிட்டார்கள். முழுப்பொய். நான்கு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. அதன் பிறகுதான் வாழும் நபர்கள் பற்றிய தனிக் கொள்கை வந்தது. அதில் இரண்டு வரி எங்களுக்கு மிக முக்கியம். பொதுவாழ்வில் இல்லாத ஒருவர் மீதான குற்றச்சாட்டை, குற்றத்தீர்ப்பு வராதவரை, சேர்க்காமல் விடுவதைக் கடுமையாக யோசிக்க வேண்டும். பொதுவாழ்வில் உள்ளவர் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட நம்பகமான, அவரைச் சாராத ஆதாரங்கள் வேண்டும்.

வெள்ளாங்குளம்

எடுத்துவிடுவதுதான் நியாயம் என்று எல்லாரும் ஒரு பக்கம் சாய்வது போலத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

கைது பற்றிய செய்தி முழு இணையத்திலும் கிடக்க, உங்கள் குறிப்பில் மட்டும் அது இல்லையென்றால் அவருக்கு என்ன நன்மை? பெயரைத் தேடுபவர் பழைய செய்தியைத்தான் காண்பார். முடிவைச் சொல்லும் பக்கம் ஒன்றாவது இருக்க வேண்டாமா?

மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமைப் பாருங்கள். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவரது தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்றார்கள். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவரைப் பற்றிய குறிப்பில் கைதை எடுத்துவிட்டால் அவருக்கு நடந்த அநியாயமே காணாமல் போய்விடும். எழுத வேண்டும், முடிவோடு எழுத வேண்டும்.

மன்னிப்பையும் விடுதலையையும் ஒன்றாக்காதீர்கள். ஊடகவியலாளர் ஜெ. எஸ். திசைநாயகத்துக்கு 2009 ஓகஸ்டில் கொழும்பு மேல் நீதிமன்றம் 20 வருடச் சிறை விதித்தது. 2010 மே மாதம் ஜனாதிபதி மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. நீதிமன்றம் விடுதலை செய்தது என்று எழுதினால் அது பிழை. அவர் எழுதிய கட்டுரைகளே குற்றச்சாட்டின் அடிப்படையாக இருந்தன என்பதைச் சொல்லாமல் "பயங்கரவாதக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்" என்று மட்டும் எழுதினால் அது அநியாயம். என்ன செயலுக்கு என்ன குற்றச்சாட்டு என்பது வரியில் வர வேண்டும்.

குளக்கட்டு

பாலைமரம் அண்ணை சொன்னபடி ஐந்தையும் திறந்து பார்த்தோம். நான்கு சொல்லுக்குச் சொல் ஒன்று. "விளக்கமறியலில்" என்பதில் ள நான்கிலும் ல ஆக இருக்கிறது. ஐந்தாவது வேறு. அதில் "உறுப்பினருக்குச் சொந்தமான டிப்பர் வாகனம் கைப்பற்றப்பட்டது, சாரதி கைது செய்யப்பட்டார், உறுப்பினரிடமும் வாக்குமூலம் பெறப்பட்டு நீதிமன்றில் முற்படுத்தப்பட்டார்" என்று இருக்கிறது. அவர் குற்றச்சாட்டை மறுத்ததும் அதில் மட்டும்தான் உண்டு. இப்ப என்ன செய்ய?

கனகராயன்

இது மணல் வழக்குகளில் அடிக்கடி வரும் சிக்கல். ஒரு லோட் மணலுக்குப் பின்னால் நான்கு ஆள் இருக்கலாம். ஓட்டிய சாரதி, வாகனத்தின் பதிவு உரிமையாளர், வாடகைக்கு எடுத்தவர், அனுமதிப்பத்திரக்காரர். மணல் அகழவும் ஏற்றவும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் அது. அனுமதி இருந்தும் திகதி கடந்திருக்கலாம், குறித்த பாதையை விட்டு வேறு பாதையால் போயிருக்கலாம், ஏற்றிய மணலின் அளவு (கியூப் கணக்கு) கூடியிருக்கலாம். அனுமதியே இல்லாமல் ஆற்றை வெட்டுவதும் திகதி கடந்த பத்திரத்தோடு ஓடுவதும் செய்தியில் ஒரே "சட்டவிரோத மணல்" என்றுதான் வரும். என்ன மீறல் என்று தெரியாமல் "கடத்தல்" என்று எழுதாதீர்கள்.

வாகனம் பறிமுதல் என்பதை வைத்தும் உரிமையாளரைக் குற்றவாளி ஆக்க முடியாது. மர வழக்கில் இது தெளிவாக இருக்கிறது. வனக் கட்டளைச் சட்டத்தின் 40 ஆம் பிரிவில், சாரதி குற்றவாளியானால் வாகனத்தையும் பறிமுதல் செய்யலாம். உரிமையாளர் வேறு ஆளாக இருந்து, குற்றம் நடக்காமல் இருக்கத் தான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாகக் காட்டினால் வாகனம் தப்பும். காட்ட முடியாமல் வாகனம் போனாலும் போனது வாகனந்தான், அவர் மேல் குற்றத்தீர்ப்பு இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, வழக்கிலக்கத்தைப் பிடித்து நீதிமன்றப் பதிவகத்தில் பார்ப்பது. பி அறிக்கைக்கு "பி" என்று தொடங்கி இலக்கமும் ஆண்டும் இருக்கும். முறையான வழக்காக மாறியிருந்தால் வேறு இலக்கம் வந்திருக்கும். பழைய இலக்கத்தில் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று திரும்பி வரக்கூடாது, இரண்டையும் கேட்க வேண்டும். நீதவான் நீதிமன்றத் தீர்ப்புகளை இணையத்தில் தேடிப் பயனில்லை. சட்டத்தரணி ஒருவர் மூலம் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். எந்த நீதிமன்றம் என்பதையும் உறுதிசெய்யுங்கள். கைது நடந்த இடத்தின் நியாயாதிக்கம்தான் கணக்கு, ஆளின் ஊர் கணக்கில்லை. கிளிநொச்சிக்காரர் மாங்குளத்தில் பிடிபட்டால் கோவை கிளிநொச்சியில் இருக்காது.

முதிரை

மணலை விட்டு, வன்னிக்கே உரிய வேறொன்று. 2009 இல் போர் முடிந்த காலத்தில் சரணடைந்தவர்கள், பிடிக்கப்பட்டவர்கள் என்று ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மீது ஒரு வழக்கும் தொடரப்படவில்லை. "தண்டனை முடித்து வெளியே வந்தார்" என்று ஆசிரியர்கள், கலைஞர்கள், சங்கத் தலைவர்கள் பற்றிய குறிப்புகளில் எழுதுகிறார்கள். எந்தத் தண்டனை? "2010 இல் புனர்வாழ்வு முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டார்" என்பது வரை எழுதலாம். அதுவும் அவரே பொதுவெளியில் சொல்லியிருந்தால் மட்டும். அந்த ஒரு வரியைப் பார்த்து வேலைக்கு எடுக்காமல் விடுவார்கள், விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வரும். குறிப்பு எழுதுபவருக்கு அது ஒரு தகவல். அந்தக் குடும்பத்துக்கு அது வாசலில் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள்.

பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளில் "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்ற வரியையும் அப்படியே எடுக்கக் கூடாது. சாதாரண வழக்கில் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக எடுக்க முடியாது. அந்தச் சட்டத்தில் மட்டும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்ததை எடுக்கலாம். பின்னர் நீதிமன்றத்தில் அது சுயவிருப்பமாகக் கொடுக்கப்படவில்லை என்று தள்ளப்படலாம். ஆகவே எங்கே, யாரிடம் ஒப்புக்கொண்டார் என்பது வர வேண்டும். நீதிபதி முன் குற்றத்தை ஏற்பதும் தடுப்பில் வைத்துக் கையெழுத்து வாங்குவதும் வேறு வேறு.

இன்னும் மோசமானது நீதிமன்றத்துக்கே போகாத குற்றச்சாட்டு. "காட்டிக்கொடுத்தவர்", "இயக்கத்தின் காசை எடுத்தவர்". முறைப்பாடும் இல்லை, வழக்கிலக்கமும் இல்லை, மறுக்க மேடையும் இல்லை. ஆள் காணாமலாக்கப்பட்டிருந்தால் மறுக்க ஆளே இல்லை. இவற்றுக்கு என்ன சொல்லைப் போடலாம் என்று தேட வேண்டாம். எழுதவே கூடாது.

நெடுங்கேணி

முதிரை சொன்னதற்கு முழுமனதாகச் சம்மதம்.

தமிழகப் பக்கங்களிலிருந்து வசனம் எடுத்து ஒட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே "உயர் நீதிமன்றம்" என்பது மாநிலத்தின் நீதிமன்றம். இங்கே "உயர் நீதிமன்றம்" நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம், அங்குள்ளதுக்கு ஏறக்குறைய நிகரானது எங்கள் மேல் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும். "வவுனியா உயர் நீதிமன்றம்" என்று ஒன்று இல்லை. "முதல் தகவல் அறிக்கை", "புகார்", "ஜாமீன்", "குற்றப்பத்திரிகை" எல்லாம் அந்த நடைமுறையின் சொற்கள். இயந்திர மொழிபெயர்ப்பும் அதையே தருகிறது. அதோடு ஆங்கிலச் செய்தியில் சந்தேகநபருக்கும் எதிரிக்கும் இருக்கும் வேறுபாட்டை அழித்து இரண்டையும் "குற்றவாளி" ஆக்கிவிடுகிறது. தமிழில் கொண்டுவந்த பிறகு மூலத்தோடு அந்தச் சொல் ஒன்றையாவது ஒப்பிடுங்கள்.

பாலைமரம்

வரியைத் திருத்தினாலும் பக்கத்தின் மற்ற மூலைகளில் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கும். தகவற்பெட்டியில் "அறியப்படுவது: மணல் வழக்கு" என்று இருக்கும். பகுப்பில், அதாவது பக்கங்களை வகை பிரிக்கும் பட்டியலில், "குற்றவாளிகள்" இருக்கும். பகுப்புக்கு விளக்கம் எழுத இடமில்லை, ஆகவே குற்றத்தீர்ப்பு இல்லாதவரை அதில் போடவே கூடாது. தேடுபொறியில் வரும் சுருக்கம் பெரும்பாலும் முதற் பந்தியிலிருந்து எடுபடும். குற்றச்சாட்டு அங்கே இருந்தால் ஆளின் முழு வாழ்க்கையும் அந்த ஒரு வரியாகத்தான் தெரியும். பக்கத்தின் முகவரியையும் பாருங்கள். தலைப்பை மாற்றினாலும் பழைய முகவரி அப்படியே இருக்கும்.

அளவு முக்கியம். 600 சொல்லில் ஒரு குறிப்பு என்றால் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டுக்கு ஒரு வசனம், மிஞ்சினால் இரண்டு. தனி உபதலைப்பு வேண்டாம். "சர்ச்சைகள்" என்று உபதலைப்புப் போட்டால் அதை நிரப்ப ஆட்கள் வருவார்கள். காலவரிசையில் 2019 வரும் இடத்தில் வைக்க வேண்டும், மறுப்பும் அதே வசனத்தில் வர வேண்டும். மறுப்பை அடுத்த பந்திக்குத் தள்ளினால் முகநூலில் பகிரும்போது வெட்டுப்பட்டுப் போகும்.

அகற்றிய பிறகும் பழைய பதிப்பு வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். விக்கி மென்பொருளில் நிர்வாகி அந்தத் திருத்தத்தை மறைக்கலாம். தேடுபொறியில் பழைய சுருக்கம் நின்றால், காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கோரும் படிவம் கூகுளில் இருக்கிறது.

வழக்கு நடக்கும்போது எழுதினால் "2025 மார்ச் நிலவரப்படி" என்று திகதி போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இரண்டு வருடமாகத் தொடர்செய்தி ஒன்றும் இல்லாவிட்டால் வரியை எடுப்பதே சரி.

வெள்ளாங்குளம்

அந்த இரண்டு வருடக் கணக்கை என்னால் ஏற்க முடியாது. எங்கள் நீதிமன்றங்களில் வழக்குகள் எத்தனை வருடம் இழுபடும் என்று எல்லாருக்கும் தெரியும். குற்றப்பகர்வுப் பத்திரம் வரவே நாலைந்து வருடம் ஆகலாம். செய்தி வராதது வழக்கு இல்லை என்பதற்குச் சான்றில்லை. பொதுப்பணத்தோடு சம்பந்தப்பட்ட பதவியில் இருப்பவர் என்றால் "முடிவு அறியப்படவில்லை" என்று சொல்லியாவது வைக்க வேண்டும்.

பாலைமரம்

"முடிவு அறியப்படவில்லை" என்பது நாங்கள் தேடவில்லை என்பதற்கு இன்னொரு பெயராகப் போய்விடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். பதவியில் இருக்கும் ஒருவர், பொதுப்பணம், ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம், இவை மூன்றும் இருந்தால் வையுங்கள், சம்மதம். ஓய்வுபெற்ற அதிபர், கிராமத்துச் சங்கத் தலைவர் போன்றவர்களுக்கு நான் சொன்ன இரண்டு வருடமே கூடுதல். ஒழுக்காற்று விசாரணைக்காகச் சேவை இடைநிறுத்தம் செய்யப்பட்டதைக் குற்றவழக்காக எழுதியவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அரச ஊழியர்களுக்கான விதித்தொகுப்பான தாபனக் கோவையின் கீழ் நடக்கும் விசாரணையில் நீதிமன்றமே இல்லை.

கனகராயன்

சட்டப் பொறுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு இன்னும் போடலாம். எங்கள் உரோமன் டச்சுச் சட்டத்தில் "உண்மைதான்" என்பது மட்டும் எதிர்வாதமாகப் போதாது, பொதுநன்மையும் வேண்டும். "அவர் சொன்னார், நான் போட்டேன்" என்பது காப்பாற்றாது. இணையத்தில் பொய்க்கூற்று வெளியிடுவதைப் பற்றிய 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. தொகுப்பை லண்டனில் இருந்து யாராவது நடத்தினால் அங்கத்தைய சட்டமும் வரும். 2022 பெப்ரவரியில் பிரித்தானிய உயர் நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்படுவதற்கு முந்திய விசாரணைக் கட்டத்தில் ஒருவருக்குத் தனியுரிமை எதிர்பார்ப்பு உண்டு என்று தீர்த்திருக்கிறது. பாலியல் குற்ற வழக்கென்றால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது, தண்டனைச் சட்டக்கோவை 365சி. பெயரைத்தான் போடவில்லையே என்று ஊரையும் பள்ளிக்கூடத்தையும் உறவுமுறையையும் போட்டால், வன்னியில் ஒரு கிராமத்தில் அது பெயரைப் போட்டதேதான்.

குளக்கட்டு

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். சட்டத்தரணி ஒருவர் மூலம் பிரதி எடுத்தாயிற்று. சாரதி குற்றத்தை ஏற்றுத் தண்டப்பணம் கட்டியிருக்கிறார். உறுப்பினர் பி அறிக்கையில் இரண்டாம் சந்தேகநபர். 2021 இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டிருக்கிறார். எந்தச் செய்தியிலும் அது வரவில்லை. நீதிமன்ற ஆவணத்தை நேரடி ஆதாரமாக எடுக்கலாமா? புது வரி இது:

"2021 இல் நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட இவர், 2019 இல் மணல் ஏற்றிய வாகனம் தொடர்பான வழக்கில் சந்தேகநபராகப் பெயரிடப்பட்டு, குற்றச்சாட்டை மறுத்தார்."

பாலைமரம்

விக்கிப்பீடியா, வாழும் ஒருவரைப் பற்றி எதையும் நிறுவ நீதிமன்றப் பதிவேடுகளை எடுக்காதே என்கிறது, ஏனென்றால் சந்தேகநபர் பட்டியலைத் தோண்டி எடுத்து ஆட்களை அடிக்கலாம். உங்கள் தொகுப்புக்கு நான் சொல்வது: ஒரு குற்றச்சாட்டைப் புதிதாகச் சேர்க்க அந்த ஆவணத்தை எடுக்காதீர்கள். ஏற்கனவே ஊரெல்லாம் பரவியதை முடித்துவைக்க எடுக்கலாம். சாரதியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவர் பொதுவாழ்வில் இல்லாதவர். பிரதியையும் படமாகப் போடாதீர்கள், அதில் முகவரியும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கும்.

நெடுங்கேணி

வரி நல்லாயிருக்கிறது, ஒழுங்கு பிழை. தமிழில் வாசகர் முற்றுவினையில் வந்து நிற்பார். நீங்கள் "விடுவிக்கப்பட்ட" என்பதை எச்சமாக்கி முன்னால் வைத்து, "மறுத்தார்" என்பதில் முடித்திருக்கிறீர்கள். இன்னும் மறுத்துக்கொண்டே நிற்கிறார் போல இருக்கிறது. வழக்கு இன்று எங்கே நிற்கிறதோ அதுதான் முற்றுவினையாக வர வேண்டும். திருப்பிப் போடுங்கள்:

"2019 இல் மணல் ஏற்றிய வாகனம் ஒன்று தொடர்பான வழக்கில் சந்தேகநபராகப் பெயரிடப்பட்ட இவர், குற்றச்சாட்டை மறுத்தார், 2021 இல் நீதவான் நீதிமன்றத்தால் அவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்."

குளக்கட்டு

அப்படியே போட்டுவிட்டோம் அக்கா. மறைக்க வேண்டிய பழைய பதிப்பையும் மறைத்தாயிற்று. வெள்ளாங்குளம் அண்ணை சொன்னது போல முடிவோடு இருக்கிறது.

வெள்ளாங்குளம்

பார்த்தேன், நல்லது. படத்தை மட்டும் ஒருக்கால் பாருங்கள். அவர் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் பேசும் படம்தான், ஆனால் கோப்பின் பெயர் இன்னும் "மணல்-கைது-2" என்று இருக்கிறது. படத்தேடலில் அந்தப் பெயரோடுதான் வருகிறது.

குளக்கட்டு

பெயரை மாற்றித் திரும்ப ஏற்றியிருக்கிறேன். பழைய கோப்பும் அழித்தாயிற்று.